குறிவைத்தே கொல்கிறார்கள்

நடுவர் அவர்களே, தருமபுரி அவையோரே, வணக்கம். போர்முனைச் செய்தியாளருக்குப் பெரும் ஆபத்து, தற்செயலாக வந்து விழும் குண்டா, குறிவைத்து ஏவப்படும் குண்டா என்பதே இன்றைய கேள்வி. தலைக்கவசமும் தக்க பயிற்சியும் இருந்தால் பெரும்பாலான இழப்புகளைத் தவிர்க்கலாம் என்றார் எதிரணித் தலைவர். கண்ணிவெடி ஆள் பார்த்து வெடிப்பதில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால், 2022 மே 11 அன்று பாலஸ்தீனத்தின் ஜெனின் நகரில் சுட்டுக் கொல்லப்பட்ட அல் ஜசீரா செய்தியாளர் ஷிரீன் அபு அக்லே, தலைக்கவசமும் 'பிரஸ்' என்று எழுதிய மேலங்கியும் அணிந்துதான் நின்றிருந்தார்.

போர்முனைச் செய்தியாளர் மேரி கொல்வினைத் தற்செயலுக்குச் சான்றாகக் காட்டினார்கள் எதிரணியினர். 2001இல் வன்னியிலிருந்து திரும்பும் வழியில், தாம் செய்தியாளர் என்று கூவிய பிறகும் இலங்கைப் படையினர் தாக்கியதாகச் சொன்னவர் அவர்; இடக்கண் பார்வையை அன்றே இழந்தார். 2012 பிப்ரவரி 22 அன்று, சிரியாவின் ஹோம்ஸ் நகரில் செய்தியாளர்கள் தங்கியிருந்த கட்டடத்தின்மீது எறிகணைகள் விழுந்தபோது அவரும் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ரெமி ஒக்லிக்கும் மாண்டனர். அது சிரிய அரசு திட்டமிட்டு நடத்திய தாக்குதல் என்று 2019இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்ததை எதிரணி ஏனோ சொல்லவில்லை.

போர்க்களத்துச் செய்தியாளரைப் பொதுமக்களில் ஒருவராகவே நடத்த வேண்டும் என்கிறது ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977ஆம் ஆண்டுக் கூடுதல் நெறிமுறை. நம் தகடூர் அதியமானுக்காகத் தூது போன ஔவை, தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலையே பார்த்துவிட்டு உயிரோடு திரும்பிய கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த அறம் புதிதன்று. பார்த்ததைச் சொல்லிவிடுவார் என்பதற்காகவே ஒருவரைக் கொல்வதுதான் என் நெஞ்சை அறுக்கிறது.

பென்னாகரத்தில் என் தாத்தா இரவுதோறும் சிற்றலை வானொலியில் பிபிசி தமிழோசை கேட்டுவந்தார். அந்த நிலையத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து செய்தி அனுப்பிவந்த மயில்வாகனம் நிமலராஜன், 2000 அக்டோபர் 19 இரவு, ஊரடங்கு நேரத்தில், தம் வீட்டுக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கையெறிகுண்டும் வீசினார்கள், வீட்டிலிருந்தவர்களும் காயமடைந்தனர். இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. வெளிநாட்டுச் செய்தியாளராவது விமானம் ஏறித் திரும்பலாம். அந்த மண்ணிலேயே பிறந்து, பெற்றோரோடும் பிள்ளைகளோடும் வாழ்ந்துகொண்டே செய்தி தருபவர் எங்கே போவார்? எதிரணி சொல்லும் கவசத்தை நிமலராஜன் எந்த நேரத்தில் அணிந்திருக்க வேண்டும்? அடுத்துப் பேச வரும் எதிரணியினர் இதற்கு விடை சொல்லட்டும்.