கோட்டைக்கு மேல் நின்ற பிறை

அனைவருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

1806 ஜூலை 10, விடிவதற்கு முன் இரண்டு மணி வாக்கில் நம் வேலூர்க் கோட்டைக்குள் சிப்பாய்கள் ஆங்கிலேயரை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தார்கள். அன்று ஹிஜ்ரி தேதி, அதாவது நபிகள் மதீனாவுக்குப் போன 622ஆம் ஆண்டிலிருந்து எண்ணும் இஸ்லாமியப் பிறைக் கணக்கில் தேதி என்ன? இதைக் கணக்குப் போடத் தெரிந்துவிட்டால், வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய நிக்காஹ் (திருமண) சீட்டையும் நீங்களே படித்துவிடலாம்.

பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. 2025இல் 1446ஐக் கழித்தால் 579. அதையே எல்லா ஹிஜ்ரி ஆண்டோடும் கூட்டிவிடுகிறார்கள். என் பாட்டனாரின் சீட்டில் 1350 என்றிருந்தது. ஓர் அலுவலகத்தில் அதை 1929 என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். உண்மையில் அந்த ஆண்டு தொடங்கியதே 1931 மே மாதத்தில்தான். அதைத் திருத்தி வாங்க நான் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல.

பிறை மாதம் 29 அல்லது 30 நாள். பன்னிரண்டும் சேர்ந்தால் 354, சில ஆண்டில் 355. அதிக மாதம் சேர்த்துச் சரிக்கட்டும் வழக்கத்தைக் குர்ஆனே (9:37) தடுத்துவிட்டது. அதனால்தான் ரமலான் ஒரு காலம் கோடையிலும் ஒரு காலம் மழையிலும் வருகிறது. 33 ஹிஜ்ரி ஆண்டு போனால் ஆங்கில ஆண்டு 32தான் போயிருக்கும். ஆகவே ஹிஜ்ரி ஆண்டை 33ஆல் வகுத்து, வந்ததை அதிலேயே கழித்து, 622ஐக் கூட்டுங்கள். 1221ஐ 33ஆல் வகுத்தால் 37. கழித்தால் 1184. அதோடு 622, சரியாக 1806!

அப்புறம் நாள். பிறையைப் பார்க்காமல் மாதங்களை 30, 29 என மாற்றி மாற்றி எண்ணும் அட்டவணைக் கணக்கில், 1221இன் முதல் மாதமான முஹர்ரம் பிறை 1 (முதல் தேதி), மார்ச் 21. மூன்று மாதத்துக்கு 30, 29, 30 என 89 நாள் தள்ளினால் ஜூன் 18, நான்காம் மாதமான ரபீஉல் ஆகிர் பிறை 1. அப்படியானால் ஜூலை 10, பிறை 23. கண்ணால் பார்த்த பிறை ஒரு நாள் பிந்தியிருந்தால் 22. இந்த ஒரு நாள் இழுபறியைத் தீர்ப்பது கிழமை. சீட்டில் கிழமை எழுதியிருந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

அந்த ஜூலை 10 வியாழக்கிழமை. திப்பு சுல்தானின் குடும்பம் அந்தக் கோட்டையில்தான் வைக்கப்பட்டிருந்தது; முந்திய நாள் அவர் மகளுக்குக் கல்யாணம். பிறைக் கணக்கில் நாள் தொடங்குவது சூரியன் மறையும்போது; அதனால் புதன் மாலை மக்ரிபுக்குப் (அந்திப் பொழுதுக்குப்) பிறகு அந்த வீட்டில் விளக்கேற்றியவர்களுக்கு வியாழன் அப்போதே பிறந்துவிட்டது. வியாழன் மாலையை நாம் ‘வெள்ளி இரவு’ என்பதும் இந்தக் கணக்கில்தான்.

பிறை 22, 23 என்றால் நிலா நடுநிசியை ஒட்டித்தான் கிளம்பும். மேகம் மறைக்காமல் இருந்திருந்தால், இரண்டு மணிக்குக் கோட்டைக்குக் கிழக்கே தேய்ந்த அரைநிலா ஏறிக்கொண்டிருந்திருக்கும்.