ஏறு, ஏறு என்று கத்தியது யார்?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும் டிரைவர் அண்ணன், டீக்கடை மாமா, என் அணித் தோழர்கள், பொரி கடலைப் பொட்டலத்தோடு தொழிற்சாலை வாசல் வரைக்கும் நிற்கும் மேல் டிவிஷன் மக்களே, சிரிப்பை அடக்கிக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கீழ் டிவிஷன் சொந்தங்களே, எல்லாருக்கும் ஆயுத பூஜை வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் மேட்சில், நம் தேயிலை எஸ்டேட்டின் மேல் டிவிஷனான நாம் கீழ் டிவிஷனிடம் மூன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம். வேறு எந்த எஸ்டேட்டிடம் தோற்றிருந்தாலும் திங்கட்கிழமை காலை மறந்திருப்போம். கீழ் டிவிஷன் என்பதால் மறக்க முடியவில்லை. அன்று ராத்திரியே லைன் வீடுகளில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது: "பையன்கள் முயற்சியே பண்ணவில்லை." அதனால்தான் விழாக் குழு இந்தத் தலைப்பைக் கொடுத்திருக்கிறது. பரம எதிரியிடம் தோற்ற அணியைப் பார்த்து, முயற்சி போதவில்லை என்று ரசிகர்கள் கேட்பது நியாயமா, அநியாயமா? அநியாயம் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

கொழுந்து எடுக்கிறவளுக்கு ஃபுட்பால் என்ன தெரியும் என்று முன்வரிசையில் யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. தெரியும் ஐயா. அந்த மைதானத்துக்குக் கீழே இருக்கிற பீல்டில் இருபத்திரண்டு வருஷமாக வேலை செய்கிறேன். அவர்கள் உதைத்துத் தள்ளிய பந்தை தேயிலைச் செடிக்குள்ளிருந்து எத்தனை முறை எடுத்துக் கொடுத்திருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. இன்னொரு தகுதியும் உண்டு. என் மகளைக் கட்டிக் கொடுத்தது கீழ் டிவிஷனில். போன வாரம் இரண்டாவது கோல் போட்டது என் மருமகன். சிரிக்காதீர்கள், அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

முதலில் டிரைவர் அண்ணன் பேச்சுக்கு வருகிறேன். 1911-ல் கல்கத்தாவின் மோகன் பகான் அணி, ஏறக்குறைய எல்லாரும் வெறுங்காலோடு விளையாடி, பூட்ஸ் போட்ட வெள்ளைக்காரப் பட்டாளத்தை இரண்டுக்கு ஒன்று என்று தோற்கடித்து ஐஎஃப்ஏ ஷீல்ட் என்கிற கோப்பையை வாங்கியது, முயற்சி இருந்தால் பூட்ஸ் கூட வேண்டாம் என்றார். நன்றாகச் சொன்னார், கைதட்டலும் வாங்கினார். ஆனால் அண்ணன் 1911-லேயே வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிவிட்டார். கொஞ்சம் தூரம் ஓட்டியிருந்தால் 1975 வந்திருக்கும். அதே மோகன் பகான், அதே ஷீல்டின் இறுதிப் போட்டி, எதிரில் பரம எதிரி ஈஸ்ட் பெங்கால். ஐந்துக்குப் பூஜ்யம் என்று தோற்றார்கள். வெறுங்காலோடு ஜெயித்த கிளப்புக்கு, பூட்ஸ் போட்டதும் முயற்சி வற்றிப்போய்விட்டதா? ஜெயித்தால் முயற்சி, தோற்றால் முயற்சியில்லை என்றால், அண்ணன் ஸ்கோரைத்தான் வேறு வார்த்தையில் சொல்கிறார். அதற்கு மைக் எதற்கு?

டீக்கடை மாமா கண்ணால் பார்த்த சாட்சி சொன்னார். நம்ம பத்தாம் நம்பர் பையன் பாதி நேரம் நடந்துகொண்டே இருந்தான் என்றார். மாமா, 2022 உலகக் கோப்பையை உங்கள் கடை டிவியில்தான் எல்லாரும் பார்த்தோம். மெஸ்ஸி என்ன செய்தார்? நடந்தார். எதிராளி எங்கே நிற்கிறான், எங்கே இடம் விட்டிருக்கிறான் என்று பார்த்துக்கொண்டே நடந்தார். முதல் மேட்சில் சவுதி அரேபியாவிடம் இரண்டுக்கு ஒன்று என்று அர்ஜென்டினா தோற்றபோது, "இவர் ஓடவே மாட்டேன் என்கிறார்" என்று திட்டியவர் நீங்கள். கோப்பையை ஜெயித்த ராத்திரி எல்லாருக்கும் இலவச டீ ஊற்றியவரும் நீங்கள். அந்த ஒரு மாதத்தில் அவர் நடை மாறவில்லை.

நம்ம பையன் மெஸ்ஸி இல்லைதான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காலைப் பார்த்து மனசை எடை போடுவது எவ்வளவு தப்பு என்று இங்கே இருக்கிற பெண்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. போன ஜனவரியில் உறைபனி விழுந்து பள்ளத்துச் செடியெல்லாம் கருகிப்போனதே, ஞாபகம் இருக்கிறதா? சீசனில் நாற்பது கிலோ எடுக்கிற கை, அந்த மாதம் பத்துக் கிலோவுக்குத் திண்டாடியது. ஏறி இறங்கின மேடு அதேதான், விறைத்துப்போன விரலோடு நின்ற நேரம் அதைவிட அதிகம். தராசில் முள் என்ன காட்டியது? பத்து. "என்னம்மா, செடிக்குள் தூங்கினீர்களா?" என்று எடை போடும் இடத்தில் ஒருவர் கேட்டார். அன்றைக்கு நமக்கு எப்படி எரிந்தது? அதே கேள்வியைத்தான் ஞாயிற்றுக்கிழமை மைதானத்து ஓரத்தில் நின்று நாம் கேட்டோம்.

இப்போது மருமகன் கதை.

மேட்ச் முடிந்த ராத்திரி பிரியாணிப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தார். மாப்பிள்ளை வந்தால் உட்காரச் சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னேன். பிரியாணியும் நன்றாகத்தான் இருந்தது. "அந்த இரண்டாவது கோல் எப்படி மாப்பிள்ளை?" என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "அத்தை, நான் ஒண்ணுமே பண்ணலை. உங்க ஆளுங்க மொத்தப் பேரும் மேலே ஏறிட்டாங்க. பின்னாடி காக்க ஒருத்தர் கூட இல்லை. பந்து வந்துச்சு, நான் தனியா நின்னேன், தட்டி விட்டேன்."

ஏன் ஏறினார்கள்? யோசித்துப் பாருங்கள். முதல் கோல் விழுந்தபோது மேட்ச் தொடங்கிக் கால் மணி நேரம்தான். ஆற அமரத் திருப்பிப் போட்டிருக்கலாம். அந்த நேரத்தில் கோட்டுக்கு வெளியே இருநூறு தொண்டை கத்தியது: "ஏறு! ஏறு!" பின்னால் நிற்க வேண்டிய பையன் பின்னால் நின்றால் "டேய் சோம்பேறி" என்று பெயர் கிடைக்கிறது. முன்னால் ஓடிப்போய் சேற்றில் வழுக்கி விழுந்தால் கைதட்டல் கிடைக்கிறது. பதினெட்டு வயசுப் பையன் எதைச் செய்வான்? நம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி முயற்சி செய்து காட்டினான். அந்தக் கோலில் பாதி என் மருமகனுடையது. மீதி நம்முடையது. நானும் கத்தினேன், மறைக்கவில்லை.

இது நம் டிவிஷனில் மட்டும் நடக்கிற கூத்து இல்லை. 2014 ஜூலை 8, பிரேசில் நாட்டில் பெலோ ஹொரிசான்டே ஊர், உலகக் கோப்பை அரையிறுதி. காயம்பட்ட நெய்மாரின் ஜெர்சியைக் கையில் பிடித்துக்கொண்டு தேசிய கீதம் பாடியது பிரேசில் அணி. தடுப்பாட்டத்தின் தூண் தியாகோ சில்வா மஞ்சள் அட்டைகளால் வெளியே. உள்ளே இருந்தவர்களுக்கு உணர்ச்சிக்குக் குறைச்சலே இல்லை. காக்க வேண்டியவர்களும் முன்னால் பாய்ந்தார்கள். விளைவு, 23-ஆவது நிமிஷத்துக்கும் 29-ஆவது நிமிஷத்துக்கும் நடுவில் ஜெர்மனி நான்கு கோல். மாமா ஒரு டீ ஆற்றிக் கொடுக்கிற நேரம். கடைசியில் ஏழுக்கு ஒன்று. அவர்களிடம் போய் முயற்சி போதவில்லை என்று சொல்ல முடியுமா? அன்றைக்குக் குறைந்தது நிதானம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மலைக்காரர்களுக்குப் பிடிக்கும். 2009-ல் மரடோனா பயிற்சியாளர், மெஸ்ஸி ஆட்டக்காரர். அந்த அர்ஜென்டினா பொலிவியாவில் லா பாஸ் நகரத்துக்குப் போய் ஆறுக்கு ஒன்று என்று தோற்றது. லா பாஸ் 3,600 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர். நம்ம கோத்தகிரி 1,800 மீட்டர் பக்கம். அதற்கே கோயம்புத்தூரிலிருந்து வருகிற சித்தப்பா நம் லைன் வீட்டுப் படி ஏறுவதற்குள் மூன்று இடத்தில் உட்காருகிறார். அதைப்போல் இரண்டு மடங்கு உயரத்தில் ஓட முடியாதவனைப் பார்த்து "மனசில்லை" என்பீர்களா? மூச்சில்லை ஐயா.

அப்படியானால் கேள்வியே கேட்கக் கூடாதா என்று டிரைவர் அண்ணன் எழுந்து நிற்கப் போகிறார். கேளுங்கள் அண்ணே. நானும் கேட்கிறேன். முயற்சி போதவில்லை என்ற வார்த்தை இருக்கிறதே, அது கம்பளி மாதிரி. மேலே போர்த்திவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதைக் கொஞ்சம் விலக்கிப் பார்ப்போமா?

போன இரண்டு மாதத்தில் அணி சேர்ந்து பயிற்சி எடுத்த நாள் எத்தனை? ஐந்து மணிக்கு வேலை முடிந்து, குளித்து, மேலே ஏறி வந்தால் ஐந்தரை. ஆறு மணிக்கு மேல் மைதானத்தில் நின்றால் கரடி வருகிறது. பழம் தேடி, குப்பை தேடி அது வருகிற வழியே நம் கோல் கம்பத்துக்குப் பின்னால்தான். கரடி வராத நாளில் காட்டெருமை நடு மைதானத்தில் மேய்கிறது, அதற்கு யார் விசில் ஊதுவது? ஆக, ஒரு நாளைக்கு அரை மணி நேரம். அதிலும் பத்து நிமிஷம் ஓடைப் பக்கம் உருண்டுபோன பந்தைத் தேடுவதில் போகிறது. இரண்டாவது பந்து வாங்க வசூல் பண்ணினோமே, அந்தப் பணம் எங்கே? மாற்று ஆட்டக்காரர் ஏன் ஒரே ஒருவர்? மைதானத்தின் அந்தப் பக்கம் தண்ணீர் தேங்குகிறது, கால்வாய் வெட்டலாம் என்று போன வருஷமே பேசினோமே, என்ன ஆயிற்று? இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியது விளையாட்டுக் குழு. குழுவின் பொருளாளர் யார்? அண்ணன் ஏன் சட்டென்று தண்ணீர் குடிக்கிறார் என்று இப்போது புரிகிறதா?

அண்ணன் மேல் எனக்குக் கோபம் இல்லை. பணம் ஜீப் ரிப்பேருக்குப் போனது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லியிருக்கலாம். பதினொரு பையன்களைக் கை காட்டியிருக்க வேண்டியதில்லை.

வலிக்கிறது, அதனால் கேட்கிறோம் என்று எதிரணியில் கடைசியாகப் பேசிய தம்பி சொன்னார். அது உண்மையான பேச்சு. ஆனால் அந்த வலியை எங்கே இறக்கி வைக்கிறோம் என்று ஒன்று இருக்கிறது. 1975-ல் அந்த ஐந்து கோலுக்குப் பிறகு, ரசிகர்களுக்குப் பயந்து சில மோகன் பகான் ஆட்டக்காரர்கள் கங்கையில் படகிலேயே ராத்திரியைக் கழித்தார்கள் என்று இன்றைக்கும் சொல்வார்கள். ஒரு ரசிகர் உயிரையே விட்டார். அடுத்த பிறவியில் நல்ல ஆட்டக்காரனாகப் பிறந்து வருவேன் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். 1950-ல் உருகுவேயிடம் இரண்டுக்கு ஒன்று என்று பிரேசில் தோற்றபோது, மரக்கானா மைதானத்தில் பிரேசில் கோலியாக நின்றவர் பர்போசா. 2000-ல் அவர் சாகும் வரைக்கும், ஐம்பது வருஷம், அந்த ஒரு கோலை அந்த ஊர் மறக்கவில்லை. அவரும் முயற்சி செய்துதான் பாய்ந்தார். பந்து உள்ளே போய்விட்டது.

கோலி என்றதும் நம்ம கோலிக்கு வருகிறேன். மணியில் கை வைக்காதீர்கள் நடுவர் ஐயா, இது ஒன்றுதான் பாக்கி.

மூன்றாவது கோல். தூரத்திலிருந்து மெதுவாக உருண்டு வந்த பந்து. கைக்குக் கீழே விட்டுவிட்டான். "நின்றுகொண்டே தூங்குகிறான்" என்று கோட்டுக்கு வெளியே ஒரு குரல் கேட்டது. யார் குரல் என்று சொல்ல மாட்டேன், டீ வாசம் வீசும் குரல்.

அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை. மழை விட்ட வெயிலில் கொழுந்து பொங்கிக்கொண்டு வந்ததே, எல்லாரும் கூடுதல் கிலோவுக்குச் சந்தோஷப்பட்டோமே. அத்தனை இலையும் எங்கே வந்தது? இந்தத் தொழிற்சாலைக்குத்தான். இலையை உடனே அரைக்க முடியாது, பன்னிரண்டு மணி நேரமாவது வாட வேண்டும். வாடி முடிந்தது நடுராத்திரிக்கு மேல். அப்புறம்தான் மெஷின் ஓடியது. அதோ, மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து நிற்கிறதே, இலையை நசுக்கிச் சுருட்டுகிற சிடிசி மெஷின், அதற்கு இன்றைக்கு ஓய்வு, பூஜை, பூசணிக்காய் எல்லாம். சனிக்கிழமை ராத்திரி இரண்டு மணியிலிருந்து காலை பத்து மணி வரைக்கும் அதற்கு இலை தள்ளியது நம்ம கோலி. பத்து மணிக்கு வெளியே வந்தான். மதியம் இரண்டு மணிக்கு மேட்ச். மாற்றுக் கோலி கிடையாது. வர மாட்டேன் என்று அவன் சொல்லவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு வந்து நின்றான்.

ஆமாம், தூக்கக் கலக்கம்தான். சரியாகத்தான் கண்டுபிடித்தீர்கள் மாமா. அவன் ராத்திரி முழித்து ஓட்டிய தூளில்தான் உங்கள் கடையில் டீ ஓடுகிறது.

மணி அடித்துவிட்டார். கடைக்குத் திரும்பியதும் எனக்கு ஒன்று போடுங்கள் மாமா, சர்க்கரை கம்மி. கோலிக்கும் ஒன்று, ஸ்ட்ராங்காக. காசு டிரைவர் அண்ணன் கொடுப்பார்.