வாழையடி வாழை, பூவா தலையா: நம் டிஎன்ஏவின் கதை

(திரையில்: அடுப்படி மேடை. ஒரு கண்ணாடி டம்ளர். அதன் மேல்பாதியில் வெள்ளை நூல் போல ஏதோ மிதக்கிறது.)

இந்த டம்ளருக்குள் மிதப்பதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஆறிய கஞ்சியில் படியும் ஆடை போல இருக்கிறது, இல்லையா? இது வாழைப்பழத்தின் டிஎன்ஏ, பரம்பரைக் குறிப்புகளைச் சுமக்கும் இழை. கூடவே கொஞ்சம் புரதமும் ஒட்டிக்கொண்டிருக்கும். மைக்ராஸ்கோப் இல்லாமல், வெறும் கண்ணால் பார்க்கிறோம்.

வீட்டிலேயே செய்யலாம். பாதிப் பழத்தை நன்றாக மசியுங்கள். அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு ஸ்பூன் பாத்திரம் கழுவும் லிக்விட் சேர்த்து, நுரை வராமல் மெதுவாகக் கலக்குங்கள். பத்து நிமிடம் கழித்து வடிகட்டுங்கள். ஃப்ரீசரில் வைத்துக் குளிர்ந்த சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை டம்ளரின் ஓரமாகச் சாய்த்து ஊற்றுங்கள். ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பை அணைத்துவிட்டு, பெரியவர் ஒருவர்தான் ஊற்ற வேண்டும்.

எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் அதே சோப்பு, செல்லைச் சுற்றியுள்ள கொழுப்பு உறையையும் கரைத்துவிடுகிறது. உள்ளே இருந்த டிஎன்ஏ தண்ணீருக்கு வந்துவிடும். தண்ணீரில் கரையும் அது ஸ்பிரிட்டில் கரையாது. அதனால்தான் இரண்டும் சந்திக்கும் இடத்தில் இப்படித் திரண்டு நிற்கிறது. ஒற்றை இழை கண்ணுக்குத் தெரியாது. நாம் பார்ப்பது, கோடிக்கணக்கான இழைகள் சேர்ந்த கற்றை.

(திரையில்: வாழைத் தோட்டம். தாய் மரத்தின் அடியில் ஒரு பக்கக்கன்று.)

வாழையை எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. "வாழையடி வாழையாகத் தழைக்கட்டும்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் வாழ்த்துவார்கள். வாழையைப் பொறுத்தவரை அது அப்படியே உண்மை. பக்கக்கன்றில் இருப்பது தாய் மரத்தின் டிஎன்ஏவேதான். நாம் சாப்பிடும் பெரும்பாலான வாழை ரகங்களில் குரோமோசோம்கள், அதாவது டிஎன்ஏ சுருண்டிருக்கும் கட்டுகள், 11, 11, 11 என்று மூன்று தொகுதிகளாக இருக்கும், மொத்தம் 33. மூன்று தொகுதிகளை இரண்டு சம பங்காகப் பிரிக்க முடியாது. அதனால் ஒழுங்கான மகரந்தமும் கருமுட்டையும் உருவாவதில்லை, பழத்தில் விதையும் இல்லை. கன்று கன்றாக நகல்தான். ஒரு மரத்தைச் சாய்க்கும் நோய் தோப்பையே சாய்க்கக் காரணமும் இதுதான்.

மனிதர்கள் அப்படி இல்லை. நம்மிடம் 23 ஜோடி, அதாவது 46 குரோமோசோம்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அம்மா கொடுத்தது, ஒன்று அப்பா கொடுத்தது. அம்மா தன் ஜோடியில் எதைக் கொடுப்பார்? தன் அம்மாவிடமிருந்து வந்ததையா, அப்பாவிடமிருந்து வந்ததையா? இரண்டில் ஒன்று. 23 ஜோடிக்கும் இப்படியே இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போனால் 83,88,608 விதம். அம்மா பக்கம் மட்டுமே இத்தனை, அப்பா பக்கமும் இதே கணக்கு. போதாததற்கு, ஜோடிக் குரோமோசோம்கள் தமக்குள் துண்டுகளையும் மாற்றிக்கொள்கின்றன. ஒரே வயிற்றில் பிறந்த அக்காவும் தம்பியும் வேறு வேறாக இருப்பதில் வியப்பே இல்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அம்மாவால் எக்ஸ் குரோமோசோமை மட்டுமே கொடுக்க முடியும். அப்பாவிடமிருந்து எக்ஸ் வந்தால் பெண், ஒய் வந்தால் ஆண். எக்ஸா, ஒய்யா என்பது அப்பாவின் விந்தணுவில் இருக்கிறது. பெண் குழந்தை பிறந்ததற்காக ஒரு தாயைக் குறை சொல்வதற்கு இங்கே துளியும் இடமில்லை.

(திரையில்: ஒரு மளிகைச் சீட்டு. "கறி - அரை கிலோ".)

சரி, டிஎன்ஏவில் என்ன எழுதியிருக்கிறது? எழுத்துகள் நான்கே நான்கு: ஏ, டி, ஜி, சி. நம் 23 குரோமோசோம்கள் கொண்ட ஒரு தொகுதியில் 300 கோடிக்கும் மேற்பட்ட எழுத்துகள். புரதம் செய்வதற்கான பகுதிகளில், மூன்று மூன்று எழுத்தாகச் சேர்த்து ஒரு சொல் போலச் செல் படிக்கிறது. புரதம் என்பது அமினோ அமிலம் என்ற துண்டுகள் கோத்த சங்கிலி. ஒவ்வொரு சொல்லும் அதில் அடுத்து எந்த அமினோ அமிலம் வர வேண்டும் என்று சொல்கிறது.

கடைக்குப் போகும் பிள்ளையிடம் கொடுத்த இந்தச் சீட்டில் "கறி" என்பதற்குப் பதில் "கரி" என்று எழுதிவிட்டால்? ஓர் எழுத்துத்தான் மாறியது. வீட்டுக்கு வருவது வேறு பொருள். அதே மாதிரி ஒன்று நம் 11ஆம் குரோமோசோமிலும் சிலருக்கு நடந்திருக்கிறது. அங்கே, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் என்ற புரதத்தின் ஒரு பாகத்தைச் செய்யும் மரபணு, அதாவது அதற்கான குறிப்பு அடங்கிய டிஎன்ஏ பகுதி, இருக்கிறது. அதில் ஜிஏஜி என்று இருக்க வேண்டிய ஒரு சொல், ஜிடிஜி என்று இருக்கிறது. அதனால் அந்தப் புரதச் சங்கிலியின் 6ஆவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வந்து உட்கார்ந்துவிடுகிறது. இந்த ஒரே ஒரு அமினோ அமில வித்தியாசத்தை 1956இல் கேம்பிரிட்ஜில் கண்டுபிடித்தவர் வெர்னன் இங்க்ரம்.

(திரையில்: வட்டமான சிவப்பணு ஒன்று மெல்ல வளைந்து அரிவாள் வடிவம் ஆகிறது.)

பெற்றோர் இருவரிடமிருந்தும் இந்த மாறிய மரபணு வந்தவருக்கு, ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கம்பி போல நீள்கின்றன. சிவப்பணு அரிவாளாக வளைகிறது. சின்ன ரத்தக் குழாய்களில் சிக்கி அடைக்கிறது. தாங்க முடியாத வலி அதனால்தான். சாதாரணச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். இது 10, 20 நாளில் உடைந்துவிடும். ரத்தசோகை கூடவே வரும். இதுதான் சிக்கிள் செல் அனீமியா, தமிழில் அரிவாள் செல் ரத்தசோகை.

1952இல் லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இந்த மரபணு இருப்பதைப் பதிவு செய்தார்கள். இந்தியாவில் இருந்து வந்த முதல் பதிவுகளில் ஒன்று அது. ஆனால் இது பழங்குடிகளின் நோய் என்று நினைத்துவிடாதீர்கள். ஆப்பிரிக்கா, அரபு நாடுகள், மத்தியதரைக் கடலோரம் எல்லாவற்றிலும் இது உண்டு. இந்த இடங்களுக்கெல்லாம் பொதுவாக இருந்தது மலேரியா. மாறிய மரபணுவின் ஒரே ஒரு பிரதி உள்ளவரைக் கொடிய மலேரியா அவ்வளவாகச் சாய்ப்பதில்லை என்று 1954இல் ஆன்டனி ஆலிசன் என்ற ஆய்வாளர் காட்டினார். கொசு நிறைந்த காட்டில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைக் காப்பாற்றிய எழுத்து அது. அதே எழுத்து இரண்டு பக்கமிருந்தும் வந்து சேரும்போதுதான் நோயாகிறது.

"பிறந்தபோது குழந்தை நன்றாகத்தானே இருந்தது, யார் கண் பட்டதோ" என்று சில வீடுகளில் கலங்குவார்கள். யார் கண்ணும் படவில்லை. வயிற்றில் இருக்கும்போது குழந்தை வேறொரு ஹீமோகுளோபினைப் பயன்படுத்துகிறது. அதைச் செய்யும் மரபணு வேறு, அதில் இந்த மாற்றம் இல்லை. பிறந்த பிறகு சில மாதங்களில் அது குறைந்து, பெரியவர்களின் ஹீமோகுளோபின் அந்த இடத்துக்கு வருகிறது. அறிகுறிகள் ஐந்தாறு மாதத்துக்கு அப்புறம் தலைகாட்டுவது அதனால்தான்.

மருத்துவர்கள் பிடித்துக்கொண்டதும் இந்த நூலைத்தான். ஹைட்ராக்ஸியூரியா என்ற மாத்திரை, அந்தக் கருப் பருவ ஹீமோகுளோபினை மறுபடி கொஞ்சம் சுரக்க வைக்கிறது. 2023 நவம்பரில் பிரிட்டன் ஒப்புதல் கொடுத்த கேஸ்ஜெவி சிகிச்சை இன்னும் ஒரு படி மேலே போகிறது. நோயாளியின் எலும்பு மஜ்ஜை செல்களை வெளியே எடுத்து, கருப் பருவ ஹீமோகுளோபினை அடக்கி வைக்கும் பூட்டை மரபணுவிலேயே வெட்டித் திறந்து, திரும்ப உடலுக்குள் செலுத்துகிறார்கள். அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். இப்படிப்பட்ட ஒரு மருந்து நீலகிரியின் கூடலூர் மலைக்கு வந்து சேரும் நாளைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அதுவரை, எளிய ரத்தப் பரிசோதனையே பெரிய துணை. 2023 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டம், 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பதை இலக்காக வைத்தது.

பரிசோதனை எதற்கு? ஒரு பிரதி மட்டும் உள்ளவருக்குப் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இருக்காது. வயல் வேலை செய்வார், கபடி ஆடுவார். தன்னிடம் அந்த எழுத்து இருப்பதே தெரியாமல் இருப்பார். இவரைக் கேரியர் என்பார்கள். "எங்கள் பரம்பரையிலேயே யாருக்கும் இல்லையே" என்ற பேச்சு இங்கிருந்துதான் வருகிறது. சொந்தத்துக்குள் திருமணம் நடக்கும்போது, இருவரும் கேரியராக இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. தாய்மாமனும் அக்கா மகளும் சராசரியாக டிஎன்ஏவில் கால் பங்கைப் பகிர்கிறார்கள். அத்தை மகனும் மாமன் மகளும் எட்டில் ஒரு பங்கை.

(திரையில்: இரண்டு ஒரு ரூபாய்க் காசுகள்.)

இப்போது இரண்டு காசுகளை எடுங்கள். ஒன்று அம்மா, ஒன்று அப்பா. இருவரும் கேரியர். தலை என்றால் சாதாரண எழுத்து, பூ என்றால் மாறிய எழுத்து. இரண்டையும் சேர்த்துச் சுண்டுங்கள். இரண்டும் தலை விழுந்தால் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. ஒன்று பூ, ஒன்று தலை என்றால் பிள்ளையும் கேரியர். இரண்டும் பூ என்றால் நோய்; அதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு. பூ-பூ விழ இரண்டு காசும் வேண்டும் என்பதைக் கவனியுங்கள். "உன் வீட்டுச் சீக்கு" என்று மருமகளைச் சொல்வது பாதிக் கணக்கு.

நான்கில் ஒரு வாய்ப்பு என்றதும், முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்று பேருக்கு வராது என்று நம்பியவர்கள் உண்டு. அந்த நம்பிக்கையில் பிள்ளை பெற்று, மறுபடியும் வலியைச் சுமந்தவர்களும் உண்டு. உங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து நான்கு முறை சுண்டி எழுதுங்கள். அப்புறம் இன்னும் நான்கு. சில வரிசையில் பூ-பூ வரவே வராது, சிலதில் இரண்டு முறை வரும். முதல் சுண்டலிலேயே பூ-பூ விழுந்தால், அடுத்ததைச் சுண்டும் முன் பிள்ளையிடம் கேளுங்கள்: போன தடவை என்ன விழுந்தது என்று இந்தக் காசுக்குத் தெரியுமா?

(திரையில்: இரண்டு காசுகளும் மேலே எழும்புகின்றன.)