ஹால்ட் பஸ்ஸும் நம் ஊர்த் தூக்கமும்

(பொங்கலை ஒட்டி எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயில் திடலில் பேசியது. கேட்டவர்கள் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். பேசிய வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.)

அனைவருக்கும் வணக்கமுங்க.

தலைமை ஏற்றிருக்கும் முன்னாள் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, பால் சொசைட்டி செயலாளர் அண்ணன் அவர்களே, என் இரண்டு பிள்ளைகளுக்கும் அரிச்சுவடி சொல்லிக் கொடுத்த தலைமை ஆசிரியர் ஐயா அவர்களே, கோயில் தர்மகர்த்தா மாமா அவர்களே, ரோந்துக்கு நடுவே நமக்காக அரை மணி நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உதவி ஆய்வாளர் அம்மா அவர்களே! இந்த மேடைக்குத் தகரக் கூரை போட்டுத் தந்த, திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் நம் ஊர்த் தம்பியைச் சொல்லாமல் விட்டால் அது பெரிய குறை. காலையிலிருந்து கம்பம் நட்டு விளக்குக் கட்டிய சவுண்ட் சர்வீஸ் தம்பியையும் சொல்ல வேண்டும். முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் ஆத்தாமார்களுக்கும் அம்மிச்சிமார்களுக்கும் தனியாக ஒரு கும்பிடு. எனக்குப் போர்த்திய துண்டு முத்தூர்ச் சந்தையில் வாங்கியதாம். வாங்கி வந்த தம்பிக்கும் நன்றி.

முப்பத்தொரு வருஷம் இந்தச் சுற்று வட்டாரத்தில் தபால் கொடுத்தவன் நான். காடு காடாக, சாளை சாளையாக (சாளை என்றால் காட்டுக்கு நடுவே இருக்கும் தோட்டத்து வீடு) சைக்கிள் மிதித்தவன். அந்த ஒரு தகுதியில்தான் இங்கே நிற்கிறேன். இன்று மூன்று சங்கதிகள் பேசலாம் என்று வந்தேன். ஒன்று, நம் சனங்களுக்கு இருக்கும் பயம். இரண்டு, அந்தப் பயம் போக என்ன வழி. மூன்று, நம் பையன்களைப் பிடித்திருக்கும் குடியும் போதையும்.

முதலில் பயம். மற்ற சீமைகளில் ஊர் என்றால் வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும். ஒரு வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். நம் கொங்குச் சீமை அப்படி இல்லை. அவரவர் காட்டில் அவரவர் சாளை. கிளுவை வேலி, கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம், கட்டுத்தரை, பட்டி, நடுவில் ஒரு வீடு. அடுத்த வீட்டைக் கூப்பிட வேண்டும் என்றால் அரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும். முன்னே அந்தச் சாளையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பண்ணையத்தில் ஆள் இருந்தது. இன்று பையன் கோயமுத்தூரில், பொண்ணு பெங்களூரில். சாளையில் இருப்பது எழுபது வயதுக்கு மேற்பட்ட இரண்டு பேர், ஒரு நாய்.

2024 நவம்பரில் பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டன்பாளையத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் அப்பா, அம்மா, மகன் மூன்று பேரையும் கொன்று போட்டார்கள். 2025 மே மாதம் பிறந்த அன்று, இதோ நம் பக்கத்துச் சிவகிரி வட்டாரத்தில், தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த வயதான கணவன் மனைவி இருவரும் கொலையுண்டு கிடந்தது தெரிய வந்தது. அதே வருஷம் ஆகஸ்டில் குடிமங்கலம் பக்கம் ஒரு தோட்டத்தில் நடந்த சண்டையை விசாரிக்கப் போன சிறப்பு உதவி ஆய்வாளரையே வெட்டிக் கொன்றார்கள். காக்கிச் சட்டைக்கே இந்த நிலைமை என்றால் கண்டாங்கிச் சேலைக்கு என்ன காவல் என்று அன்றைக்கு ஒரு ஆத்தா என்னிடம் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அப்போதிலிருந்து நான் பார்க்கிற ஒன்றைச் சொல்கிறேன். முன்பெல்லாம் சாளை வாசலில் மணி அடித்தால், "தபாலா? வா கண்ணு, மோர் குடிச்சுட்டுப் போ" என்று உள்ளிருந்து சத்தம் வரும். இன்று அதே வீட்டுக்கு ஒறம்பரையாக, விருந்தாளியாகப் போனாலும் முதலில் ஜன்னல் திறக்கிறது. அப்புறம் "யாரு?" என்கிறார்கள். அப்புறம் போன் பண்ணிச் சொல்லிவிட்டுத்தான் வந்தோமா என்று கேட்கிறார்கள். பொழுதோடவே ஆட்டைப் பட்டியில் அடைத்து, ஏழு மணிக்குத் தாழ் போட்டுக்கொள்கிறார்கள். அடைத்துக்கொண்டு தூங்குகிறார்களா? அதுவும் இல்லை.

குற்றத்தைக் கணக்கெடுக்க 1986-இல் தொடங்கிய தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஸ்டேஷனில் வழக்காகப் பதிவானது அந்தக் கணக்கில் வரும். போர் மோட்டார் கேபிளை அறுத்து உள்ளே இருக்கும் செம்புக் கம்பியை உருவிக்கொண்டு போனால் நம்மில் எத்தனை பேர் புகார் கொடுக்கிறோம்? கோர்ட்டுக்கு யார் அலைவது என்று புதுக் கேபிள் வாங்கி மாட்டிவிடுகிறோம். அது அந்தக் கணக்கில் வராது. ராத்திரி முழுக்க விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆத்தாவின் கண் எரிச்சலும் அதில் வராது.

பயம் நமக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளிகளைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்களைப் பரப்பினார்கள். எங்கேயோ எப்போதோ எடுத்த படங்கள். திருப்பூரில் பாதித் தறியிலேயே வேலையை விட்டுவிட்டு ரயில் ஏறின பையன்கள் உண்டு. பீகாரிலிருந்து அதிகாரிகளே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நம் ஆத்தா அந்த வடக்கத்திப் பையனைப் பார்த்துப் பயப்படுகிறார். அவன் நம்மைப் பார்த்துப் பயப்படுகிறான். இரண்டு பேருக்கும் மற்றவர் முகம் தெரியாது, பேர் தெரியாது. காலனிப் பக்கம் இருக்கும் நம் சனங்களைக் கேளுங்கள், ராத்திரியில் ஊர்த் தெருவழியே வர அவர்கள் பயந்த காலத்தைச் சொல்வார்கள். அதையும் சேர்த்துத்தான் நாம் பேச வேண்டும்.

சரி, வழி என்ன? எங்கள் அப்பாரு அடிக்கடி ஒரு பழமொழி சொல்வார்: பத்துப் பேருக்குப் பல்குச்சி, ஒருவனுக்குத் தலைச்சுமை. பத்துப் பேர் பகிர்ந்தால் பல் விளக்கும் குச்சி மாதிரி லேசாக இருப்பதுதான் ஒருவன் தலையில் ஏற்றினால் பாரமாகிறது. காவல் அப்படித்தான். ஊர் எல்லையில் காவல் தெய்வம் கருப்பராயனை நிறுத்தியது அதற்காகத்தான். புலிகுத்திக்கல் பார்த்திருப்பீர்கள், புலியோடு மல்லுக்கு நின்று செத்த வீரனுக்கு ஊர் நட்ட கல். ஊர்க் காவலாளியான தலையாரி ராத்திரியில் தடியைத் தட்டிக்கொண்டு வருவார் என்று அப்பாரு சொல்வார். 1980-இல் ஊர் நிர்வாகம் பார்த்த மணியக்காரர், கர்ணம் முறையை எடுத்தார்கள். பரம்பரைப் பதவி போனது நல்லதுதான், நான் அதைக் குறை சொல்லவில்லை. அந்தத் தடிச் சத்தம் இல்லாமல் போனதைத்தான் சொல்கிறேன்.

இப்போது எல்லோரும் கேமரா என்கிறார்கள். வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. 'காவல் உதவி' செயலியை ஏற்றிக்கொள்ளுங்கள், அவசர உதவிக்கான 112 எண்ணை ஆத்தாவுக்கும் மனப்பாடமாக்குங்கள். ஆனால் கேமரா பார்க்கும், எழுந்து வராது. எழுந்து வந்த ஒரு ஆளைப் பற்றிச் சொல்கிறேன். இதைச் சொல்லத்தான் நான் இந்த மேடை ஏறினேன்.

நம் ஊருக்கு ஹால்ட் பஸ் இருந்தது ஞாபகம் இருக்கிறதா? ராத்திரி ஒன்பதே முக்காலுக்குக் கடைசி டிரிப் வரும். இதோ, இந்தப் பிள்ளையார் கோயில் முன்னால் நிற்கும். டிரைவர் கோயில் மேடையில் படுப்பார். கண்டக்டர் பஸ்ஸிலேயே கடைசி சீட்டில் படுப்பார். வெடியால ஐந்தேகாலுக்கு முதல் டிரிப். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு கண்டக்டர் அண்ணன் இருந்தார். ஒருநாள் நடுராத்திரி, தூக்கத்தில் ஆடு இருமுகிற சத்தம் கேட்டிருக்கிறது. எட்டிப் பார்த்தால், லைட் போடாமல் இரண்டு பேர் வண்டியை உருட்டிக்கொண்டு வருகிறார்கள். நடுவில் ஒரு வெள்ளாடு, வாயில் துண்டு கட்டியிருக்கிறது.

அண்ணன் இறங்கி நின்றார். சத்தம் போடவில்லை. "எந்தூருங்க?" என்றார். "சந்தைக்குப் போறமுங்க" என்றார்கள். "எந்தச் சந்தைக்குங்க?" என்றார். ஒருவன் ஒரு ஊரைச் சொன்னான், இன்னொருவன் வேறு ஊரைச் சொன்னான். "தம்பி, சந்தைக்குச் சந்தை ஆளும் ஆடும் ஏத்திக்கிட்டுப் போறவன் நான். நாளைக்கு இந்தப் பக்கம் எங்கியும் சந்தை இல்லை" என்றார். அதற்குள் டிரைவர் அண்ணன் எழுந்து ஹெட்லைட்டைப் போட்டுவிட்டார். வண்டியை அங்கேயே சாய்த்துவிட்டு இரண்டு பேரும் கிளுவை வேலி தாண்டி ஓடினார்கள்.

ஆடு நிற்கிறது. யாருடைய ஆடு? டிரைவர் கேட்கிறார், காலையில் விசாரிக்கலாமா என்று. கண்டக்டர் கயிற்றைப் பார்த்தார். பழைய சிவப்புச் சேலைக் கரையைக் கிழித்துத் திரித்த கயிறு. "இது தெக்காலச் சாளை ஆத்தா ஆடு. இந்த ஆட்டுக்கு லக்கேஜ் டிக்கெட் கிழிச்சவனே நான்தான்" என்றார். (கூட்டத்தில் வெகு நேரம் கைதட்டல்.)

கதை அதோடு முடியவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு, ஆட்டையும் பிடித்துக்கொண்டு, அந்த நேரத்தில் இரண்டு பேரும் முக்கால் மைல் நடந்தார்கள். வாசலில் நின்று, "ஆத்தா, நான் பஸ்ஸுக்காரன்" என்று கூப்பிட்டார்கள். கதவு உடனே திறந்தது. ஆத்தா தூங்கவில்லை. இருட்டில் கதவுக்குப் பின்னால் அரிவாள்மனையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். மறுநாள் நான் மணியார்டர் கொடுக்கப் போனபோது சொன்னார்: "பட்டியில ஆடு கத்துனது கேட்டுது சாமி. ஆடு போனாப் போகட்டும்னு உக்காந்திருந்தேன். பஸ்ஸுக்காரன்னு கொரலு கேட்டதும் எந்திரிச்சுட்டேன்."

யோசித்துப் பாருங்கள். பெற்ற மகன் கூப்பிட்டிருந்தாலும் யோசித்துத்தான் திறந்திருப்பார். அந்தக் குரலுக்குத் திறந்தார். ஏனென்றால் அந்தக் குரலை அவர் வாரம் இரண்டு தடவை கேட்டவர். அப்புறம் அந்த ஆத்தா சாகும் வரைக்கும் ஒன்பதே முக்காலுக்கு ஹாரன் கேட்ட பிறகுதான் பாயை விரிப்பார். ஹாரன் கேட்டால் ஊரில் முழித்திருக்கும் ஆள் இரண்டு பேர் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

பஸ்ஸில் வந்தவர்களும் காவல்தான். காங்கேயத்தில் துணிக்கடைக்கும் தேங்காய்க் களத்துக்கும் போன பெண்கள் பத்துப் பதினைந்து பேர் அதில்தான் வந்து இறங்கினார்கள். பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, டார்ச் அடித்துக்கொண்டே, வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரிகளில் பிரிந்து போவார்கள். ஒரு சாளையில் விளக்கு எரியாவிட்டால் அன்றைக்கே தெரிந்துவிடும். பத்துப் பேருக்குப் பல்குச்சி என்று அப்பாரு சொன்னது அதுதான். யாரும் காவலுக்கு என்று போகவில்லை, வீட்டுக்குத்தான் போனார்கள். அதுவே ஊருக்குக் காவலாக இருந்தது.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக எல்லா பஸ்ஸும் நின்றது. பகல் டிரிப்புகள் திரும்பி வந்தன. ஹால்ட் பஸ் வரவில்லை. கேட்டால் கலெக்‌ஷன் இல்லை என்கிறார்கள். 2021-இலிருந்து பெண்கள் டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் போகலாம், நல்ல திட்டம், கோடிக் கும்பிடு. ஆனால் ஏறுவதற்கு பஸ் வேண்டுமே! ராத்திரி எட்டு மணிக்கு மேல் வேலை விட்டு வருகிற பிள்ளையை அப்பன் பைக்கில் போய்க் கூட்டி வருகிறான். அந்த நேரத்தில் சாளையில் தனியாக இருப்பது யார்? அவனுடைய அம்மா. ஒருவனுக்குத் தலைச்சுமை என்பது இதைத்தான். அந்த வடக்கத்திப் பையனும் ஹால்ட் பஸ்ஸில் நம்மோடு வந்து இறங்கியிருந்தால் ஒரு மாதத்தில் அவன் பேர் நமக்குத் தெரிந்திருக்கும். நம் பேர் அவனுக்குத் தெரிந்திருக்கும்.

உதவி ஆய்வாளர் அம்மா இங்கே இருக்கிறார். ரோந்து வண்டி ஒரு ராத்திரியில் எத்தனை சாளைக்குப் போக முடியும் என்று அவருக்குத்தான் தெரியும். அவரிடம் இருப்பது ஒரு வண்டி. ஊருக்கு ஊர் ஒரு ஹால்ட் பஸ் நின்றால் அவருக்கு ஊருக்கு ஊர் இரண்டு ஆள் கிடைத்த மாதிரி. டிரைவர், கண்டக்டர் படுக்க இந்தக் கோயில் மண்டபத்தில் ஒரு அறை, ஃபேன், கொசுவலை, குளிக்கத் தண்ணீர் ஊர் தரும் என்று தர்மகர்த்தா மாமா நேற்றே ஒத்துக்கொண்டார். ராத்திரிச் சாப்பாடு முறை வைத்து ஒவ்வொரு சாளையிலிருந்தும் வரும். இதிலும் பத்துப் பேருக்குப் பல்குச்சிதான். முப்பது சாளை இருக்கிறது, மாதத்துக்கு ஒரு நாள்தான் ஒரு வீட்டுக்கு முறை வரும்.

மூன்றாவது சங்கதியைப் பேச நேரம் இல்லை, செயலாளர் அண்ணன் கடிகாரத்தைக் காட்டுகிறார். இன்னொரு நாள் கூப்பிடுங்கள், வருகிறேன்.

மனு தயாராக இருக்கிறது. வாசலில் பந்தக்கால் பக்கம் மேசையில் வைத்திருக்கிறோம். பேனாவும் இருக்கிறது, கைநாட்டு வைப்பவர்களுக்கு மை டப்பாவும் இருக்கிறது. வயதானவர்கள் வரிசையில் நிற்க வேண்டாம், தம்பிகள் பாய்க்கே கொண்டு வருவார்கள். வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர் நாள். காலை ஏழு பத்து பஸ்ஸில் திருப்பூர் போகிறோம். தனியாகச் சாளையில் இருக்கிற ஆத்தாமார் நான்கு பேர் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு அவர்கள் வீட்டு ஆட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். யார் யார் இருப்பீர்கள் என்று போகும்போது என்னிடம் பேர் கொடுத்துவிட்டுப் போங்கள்.

வணக்கமுங்க.