புயலில் சிக்கிய நாட்டுக்கும் கடன்தானா?

அடுத்த கேள்வி. "ஏழை நாடுகள் வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பதுதானே நியாயம்? இதில் காலநிலை நீதி எங்கே வருகிறது? எல்லாவற்றையும் தள்ளுபடி செய்யச் சொல்கிறீர்களா?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் மொசாம்பிக்கை எடுத்துக்கொள்வோம். 2019 மார்ச்சில் இடாய் புயல் பெய்ரா துறைமுக நகரத்தின் பக்கம் கரையைக் கடந்தது. அந்த நாட்டில் மட்டும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். அறுவடைக்கு நின்ற பயிர் தண்ணீருக்குள் போனது. பூமியைச் சூடாக்கியதில் மொசாம்பிக்கின் பங்கு சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. சூடாக்கியவர் ஒருவர், அடி வாங்குபவர் வேறொருவர் என்பதைச் சரிசெய்யக் கேட்பதுதான் காலநிலை நீதி. சரி, உதவி எப்படி வந்தது? அடுத்த மாதம் ஐ.எம்.எஃப். எனும் சர்வதேச நாணய நிதியம் சுமார் 11.8 கோடி டாலர் கொடுத்தது. வட்டி கிடையாது, ஆனாலும் அது கடன். அசலைக் கட்டியாக வேண்டும்.

"அவர்கள் கடனே ஊழல் கடன் ஆயிற்றே" என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். 2013, 2014-ல் நாடாளுமன்ற ஒப்புதல் இல்லாமல் அரசு நிறுவனங்களின் பெயரில் சுமார் 200 கோடி டாலர் வாங்கினார்கள். டூனா மீன்பிடிப் படகு வாங்குகிறோம் என்பதும் அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. கையெழுத்துப் போட்டவர்கள் வேறு, பெய்ராவில் வீடு இழந்தவர்கள் வேறு. கொடுத்த வங்கிகள் மட்டும் விசாரித்தா கொடுத்தன?

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது இன்னொன்று. கடன் டாலரில் இருக்கிறது. உள்ளூர் நாணயமான மெட்டிக்காலில் வரி வசூலித்தால் மட்டும் போதாது, எதையாவது ஏற்றுமதி செய்து டாலர் கொண்டுவர வேண்டும். அவர்களிடம் பெரிதாக இருப்பது நிலக்கரியும், வடக்கே காபோ டெல்காடோ கடலுக்கடியில் உள்ள எரிவாயுவும்தான். இடாய் வீசிய அதே 2019-ல் அந்தப் படகுக் கடன் பத்திரத்தை மாற்றி எழுதினார்கள். 2023 வரை 5% வட்டி, அப்புறம் 9%. அதற்குள் எரிவாயுப் பணம் வந்துவிடும் என்பது கணக்கு. தவணை கட்டவே எரிவாயுவை எடுத்தாக வேண்டிய நாட்டிடம் போய், "அதைத் தொடாதீர்கள், பூமி சூடாகிறது" என்று எந்த முகத்தோடு சொல்வது?

தள்ளுபடி விஷயத்துக்கு வருகிறேன். கரீபியனில் கிரெனடா 2015-ல் கடனை மறுசீரமைத்தபோது, புயல் அடித்தால் தவணையை ஒத்திவைக்கலாம் என்று பத்திரத்திலேயே ஒரு விதி சேர்த்தது. 2024 ஜூலையில் பெரில் புயல் கிரெனடாவின் கரியாக்கூ தீவைத் துவம்சம் செய்தபோது அதைப் பயன்படுத்தியும் விட்டார்கள். இது தள்ளுபடி இல்லை, ஒத்திவைத்த வட்டி அசலில் ஏறும். ஆனால் கூரை போட வேண்டிய மாதத்தில் கையில் காசு இருக்கும். புதிதாகப் போடும் எல்லாப் பத்திரத்திலும் இந்த விதி கட்டாயம் இருக்க வேண்டும் என்பேன். மொசாம்பிக்கின் படகுக் கடன் மாதிரி பழைய பாக்கிகளுக்குத் தள்ளுபடிதான்.