ஒரு பக்க முதுகு நோ, பிறகு கொப்புளம்: என்னவாய் இருக்கும்?

(காட்சி: காலை வெயிலில் வெங்காயத் தோட்டம்)

வணக்கம். ஒரு மாசி மாசம் எங்கட அம்மம்மா வெங்காயம் பிடுங்கிப்போட்டு வந்த அண்டு பின்னேரம் அவவுக்கு வலப்பக்க முதுகு நோகத் தொடங்கினது. குனிஞ்சு நிமிர்ந்த பிடிப்பு எண்டுதான் நினைச்சம். பாம் பூசி, நொச்சியிலை அவிச்சு ஒத்தடம் குடுத்தம். மூண்டாம் நாள் காலமை, "பிள்ளை, சட்டை பட்டாலே நெருப்பு மாதிரி எரியுது" எண்டு சொன்னா. தூக்கிப் பாத்தன். முள்ளந்தண்டில தொடங்கி விலாவைச் சுத்தி நெஞ்சு வரைக்கும் ஒரு பட்டி மாதிரிச் சிவப்பு. அதுக்கு மேல கொத்துக் கொத்தாத் தண்ணிக் கொப்புளம். இடப்பக்கத்தில ஒண்டுகூட இல்லை.

பக்கத்து வீட்டு மாமி, "முருங்கையடியில மயிர்க்கொட்டி பட்டிருக்கும்" எண்டா. மயிர்க்கொட்டி பட்டா உடனயே கடிக்கும், தடிக்கும். ரெண்டு நாள் முந்தியே முதுகு நோகாது.

(காட்சி: முள்ளந்தண்டுப் படம். ஒரு நரம்பு மட்டும் சிவக்கிறது)

இதுதான் அக்கி. ஹேர்பிஸ் சொஸ்டர் எண்டும் சொல்லுவினம். சின்னனில வந்த கொப்பளிப்பான் இருக்கெல்லோ, அதே வைரஸ்தான். கொப்பளிப்பான் மாறினாலும் வைரஸ் உடம்பை விட்டுப் போறேல்லை. முள்ளந்தண்டுப் பக்கத்து நரம்பு முடிச்சுக்குள்ள அம்பது, அறுபது வருசம் சத்தமில்லாமக் கிடக்கும். வயது போகேக்க, சீனி வருத்தம் இருக்கேக்க, புற்றுநோய் மருந்தோ ஸ்டீரொயிட்டோ எடுக்கேக்க எதிர்ப்புச் சக்தி குறையும். அப்ப அது எழும்பி, ஒரு நரம்பைப் பிடிச்சுத் தோலுக்கு வரும். அந்த நரம்பு உடம்பின்ர ஒரு பாதிக்குத்தான் போகுது. அதாலதான் கொப்புளமும் நடுக்கோட்டோட நிக்கிறது. நரம்பு முதல் நோகும், தோல் பிறகு சிவக்கும். இடையில ஒண்டிலிருந்து அஞ்சு நாள் போகலாம்.

இந்த இடத்தைக் கவனமாக் கேளுங்கோ. அசைக்ளோவிர் மாதிரி வைரஸ் மருந்தைக் கொப்புளம் வந்து 72 மணித்தியாலத்துக்குள்ள தொடங்கினாத்தான் நல்ல பலன். எங்கட ஊரில அந்த மூண்டு நாளும் காவி குழைச்சுப் பூசிறதிலயும் பார்வை பாக்கிறதிலயும் போயிடுது. பார்வை பாக்கிறதை நான் குறை சொல்ல வரேல்லை, அம்மம்மாவுக்கும் பாத்தம். ஆனா முதல் டொக்டரிட்டப் போட்டு வந்து பாருங்கோ. கொப்புளத்தை உடைக்காதேங்கோ. நெத்தியிலயோ மூக்கு நுனியிலயோ வந்தா கண்ணைப் பாதிக்கலாம், அண்டைக்கே போங்கோ.

கொப்புளம் 2 தொடக்கம் 4 கிழமையில மாறிடும். நோ மாறாமல் மூண்டு மாசத்தைத் தாண்டியும் நிக்கலாம், வயது போன ஆக்களுக்கு அப்பிடி நிக்கிறது கூடுதல். அம்மம்மாவுக்கு எட்டு மாசம் நிண்டது. காத்தாடிக் காத்துப் பட்டாலும் முகம் சுளிப்பா. அந்த எரிவுக்குப் பனடோல் காணாது. நரம்பு நோவுக்கெண்டு வேற மருந்து இருக்கு, கேட்டு வாங்குங்கோ.

முதுகு நோவும் தோலில மாற்றமும் சேர்ந்து வந்தா எல்லாம் அக்கி இல்லை. மாரி மழையோட காய்ச்சல், உடம்பு முழுக்க உளைவு, சிவப்புப் புள்ளி எண்டா டெங்குவை நினையுங்கோ. அப்ப பரசிட்டமோல் மட்டும்தான். புரூபன், டைக்ளோபினாக் எடுத்தா ரத்தப்போக்கு வரலாம். விடிய எழும்பேக்க அரை மணித்தியாலத்துக்கு மேல நாரி விறைச்சு, நடக்க நடக்க இலகுவாகுதா? முழங்கையில, தலையில செதில் செதிலாச் சொரியாசிஸும் இருக்கா? அது மூட்டு வாதமா இருக்கலாம். நோவுக்குப் பூசின பாமே ஒத்துக்கொள்ளாமத் தடிக்கிறதும் உண்டு.

காய்ச்சலோட கழுத்து விறைச்சு, கண்ணாடிக் கிளாஸை அமத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளி வந்தா நிண்டு யோசிக்க வேண்டாம். இலங்கையில எண்டா 1990க்கு அடியுங்கோ, அம்புலன்ஸ் காசில்லாம வரும்.

(காட்சி: வீட்டு விறாந்தை)

கடைசியா ஒண்டு. கொப்புளத் தண்ணி பட்டா, கொப்பளிப்பான் வராத ஆளுக்குக் கொப்பளிப்பான் வரலாம். எங்கட மச்சாளுக்கு அப்ப ஏழு மாசம், சின்னனில கொப்பளிப்பான் வந்ததும் இல்லை. ஒவ்வொரு நாளும் வந்து விறாந்தைக் கதிரையில இருந்து அறைப்பக்கம் பாத்துக் கதைச்சுப்போட்டுப் போவா. பத்தாம் நாள் எல்லாம் காஞ்சு பொருக்குக் கட்டின பிறகுதான் உள்ளுக்க வந்து அம்மம்மாவின்ர கையைப் பிடிச்சவ.