ஊர்ப் பேரை ஊரறியச் செய்தவர்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

“ஊர்ப் பெயர் குழந்தைப் பெயராகப் பரவக் காரணம் ஊரின் பெருமையா, அதைத் தாங்கிய மனிதரின் பெருமையா?” இதுதானே தலைப்பு? மனிதரே என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறோம். எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரத்தின் ஓவியம், சிற்பம், கோபுரம் எல்லாவற்றையும் சுற்றிக் காட்டிவிட்டு, “இப்பேர்ப்பட்ட ஊரின் பெயரை யார்தான் வைக்கமாட்டார்கள்?” என்று கேட்டு உட்கார்ந்தார். சுற்றுலா பிரமாதம் ஐயா. வாதம்தான் ஊர் வந்து சேரவில்லை!

ஒரே வீட்டுக் கதையைச் சொல்கிறேன். கல்யாணமான கையோடு இத்தாலிக்குப் போன ஓர் ஆங்கிலேயத் தம்பதி. 1819-இல் நேப்பிள்ஸில் மூத்த மகள் பிறந்தாள். அந்த ஊரின் பழைய கிரேக்கப் பெயரைச் சேர்த்து வைத்தார்கள்: பார்த்தினோப்பி. 1820 மே 12, ஃப்ளாரன்ஸில் இளையவள் பிறந்தாள். அவள்தான் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல். அதே அப்பா, அதே அம்மா, பிறந்த ஊரின் பெயர் என்ற அதே கணக்கு. அக்காவின் பெயர் எங்கே போயிற்று? தங்கையின் பெயர் மட்டும் தொட்டிலுக்குத் தொட்டில் ஏறியது ஏன்? “அது வாயில் நுழையாது” என்பீர்கள். ரோம், வெனிஸ் நுழையுமே! அவை ஏன் இப்படிப் பரவவில்லை?

ரஷ்யாவோடு பிரிட்டன் மோதிய கிரிமியப் போர் நடந்த 1854 நவம்பரில், செவிலியராக 38 பெண்களோடு துருக்கியின் ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனையில் போய் இறங்கினார் அந்தத் தங்கை. அழுக்கும் காய்ச்சலுமாய்க் கிடந்த கூடங்களில் இரவெல்லாம் விளக்கோடு நடந்தார். (படங்களில் பார்க்கிற எண்ணெய் விளக்கு ஓவியர்களின் கைவண்ணம், அங்கே புழங்கியது மடக்கித் தூக்கும் துருக்கிக் கூண்டு விளக்கு.) பத்திரிகைகள் அந்தச் செய்தியை இங்கிலாந்தில் வீடுவீடாகச் சேர்த்தன. அதன் பிறகுதான் அந்தப் பெயருக்கு ஆங்கிலம் பேசும் நாடுகளில் அத்தனை மவுசு.

“முன்பே இருந்த பெயர்தானே?” இருந்தது, ஆண்களுக்கும்கூட! அயர்லாந்தின் குலத்தலைவர் ஃப்ளாரன்ஸ் மெக்கார்த்தி ஆண். அதைப் பெண்பிள்ளைப் பெயராகவே நிலைநிறுத்தியது ஊரா, நைட்டிங்கேலா?

கடைசி அம்பு ஒன்று வரும், தெரியும். இன்றைக்கு இங்கிலாந்தில் இந்தப் பெயர் மறுபடியும் முன்வரிசைக்கு வந்திருக்கிறதே, இந்தப் பெற்றோர் நைட்டிங்கேலை நினைத்தா வைக்கிறார்கள் என்று. ஒப்புக்கொள்கிறேன், பலர் நினைப்பதில்லை. கொள்ளுப்பாட்டி காலத்துப் பெயர், கேட்க இனிமை, அவ்வளவுதான் பலருக்கு. ஆனால் அந்தக் கொள்ளுப்பாட்டிகளுக்குப் பெயர் வைத்தவர்களில் எத்தனை பேர் இத்தாலியைக் கண்ணால் கண்டவர்கள்? நடுவர் அவர்களே, அதை எதிரணியிடமே கேளுங்கள்.